துண்டுக்கு அடியில்

காலையில் மாடிக்குப் போனால், கொடியில் நான் காயப்போட்ட மாதவிடாய்த் துணி நாப்கின்களை ஆச்சி ஒரு துண்டால் மூடி வைத்திருக்கிறாள்.

தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தது. நடுவில் அழுத்தினால் ஈரம். உள்ளே பருத்தித்துணி நாலைந்து மடிப்பு, அது காயத்தான் நேரமாகும்.

“ஏட்டி, துண்ட எடுக்காத. எதுத்த மாடியில ஆளு நிக்கும்லா.”

“வெயில் படணும் ஆச்சி. ஈரத்தோட வச்சா அரிப்பு வரும்.”

ஒன்றை எடுத்து, பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “நாங்க தாத்தா வேட்டியக் கிழிச்சு வச்சோம். தொழுவத்துல, வைக்கப் படப்புக்குப் பின்னாலதான் காயப்போடுவோம். ஐப்பசி மழையில காயவே காயாது. அதையேதான் எடுத்துக் கட்டிக்கிடணும்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. துணி ஒரு பாவமும் செய்யவில்லை. அதற்கு வெயிலைக் காட்டாமல் வைத்ததுதான் கொடுமை.

நான் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் சோப்பு போடுவேன். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். வைத்த நாப்கினை நாலைந்து மணி நேரத்தில் மாற்றிவிடுவேன். மாற்றி மாற்றி வைக்க ஆறு நாப்கின் இருந்தால், அவசரத்தில் ஈரத்தை எடுக்க வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை வெயில் ஏற ஆரம்பித்தது. ஆச்சி துண்டை மடித்துத் தோளில் போட்டாள். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள்.

“பத்து மணிக்குத் திருப்பிப் போடுட்டி. அந்தப் பக்கமும் காயட்டும்.”