எங்கள் வீட்டுக் கணினி லினக்ஸுக்கு மாறிய விதம்

வீட்டுக் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றலாமா என்று இப்போது நிறைய பேர் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் எங்கள் புளோக்கில் இருக்கும் அக்காமார்கள், பிள்ளைகளின் பள்ளியில் பழக்கமான அம்மாமார்கள். தாராளமாக மாற்றலாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டவும், அப்புறம் கூப்பிட்டால் வரவும் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு மாறுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது, அதனால்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

காரணம் பலருக்கும் தெரிந்ததுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஓராண்டு நீட்டிப்பு ஒன்று கொடுத்தார்கள், ஆனால் அது தள்ளிப்போடுவதுதானே. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் சிப்பாக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்களுடையது ஏழாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம். நன்றாக ஓடுகிற பெட்டி. கடையில் விசாரித்தபோது, "இது இனிமே சரிப்படாது, புதுசா எடுத்திருங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சும்மா வந்துவிடுமா?

எங்கள் புளோக்கில் எட்டாவது மாடியில் ஓர் அண்ணன் இருக்கிறார். பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் முறை. லிப்டில் பார்த்தபோது என் வீட்டுக்காரர் இதைச் சொல்லப்போக, அந்தச் சனிக்கிழமையே ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். முதலில் பெட்டியைத் திறந்து தூசியைத் தட்டினார். பிறகு சிப்புக்கு மேலே இருக்கும் மின்விசிறியையும் அலுமினியக் கட்டையையும் கழற்றி, காய்ந்துபோன பசையைத் துடைத்து எடுத்தார். துடைக்கத் துடைக்க அந்தச் சின்ன உலோகத் தகட்டில் எழுத்துகள் தெரிந்தன, அதில் மலேசியாவைக் குறிக்கும் எழுத்தும் இருந்தது. "பார்த்தியாம்மா, நம்ம ஊரு கைபட்ட சரக்கு" என்றார். இன்டெல் 1972லேயே பினாங்குக்கு வந்த கம்பெனி, அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் திறந்த முதல் ஆலை இங்கேதான். பாயான் லெப்பாஸிலோ கூலிமிலோ நம்மவர்கள் யாரோ சோதித்து அனுப்பிய சிப் அது. கெட்டுப்போகாத ஒன்றைத் தூக்கிப் போடச் சொல்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

சரி, உதவிக்கு வருவோம். லினக்ஸ் எங்கள் குடும்பத்துக்குப் புதிது இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் வட்டை ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள், 2011இல்தான் நிறுத்தினார்கள். என் தம்பிக்கும் ஒன்று வந்தது. அழகான அட்டை உறை. அது அலமாரியிலேயே கிடந்தது, ஏனென்றால் அதைப் போட்டால் என்ன ஆகும், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆள் இல்லை. 2004இல் அரசாங்கமே பொதுத்துறைக்குத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அலுவலகத்துக்குத் திட்டம் வந்தது, வீட்டுக்கு வட்டு வந்தது, வீட்டுக்கு ஆள்தான் வரவில்லை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் ஆரம்பித்த க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டமும் 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னல் என்ற மைய நிரலும் சேர்ந்து, யாரும் பார்க்கலாம், திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்த ஒன்று, எங்கள் வீட்டு அலமாரிக்குள் மூடிக் கிடந்தது.

அண்ணன் வந்தவுடன் எதையும் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதுல யார் யார் என்ன செய்வீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றார். பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா, அது உலாவியிலேயே ஓடும். வீட்டுக்காரருக்கு வருமான வரி இ-பைலிங், வங்கிக் கணக்கு, அதுவும் உலாவிதான். எனக்குக் கோயில் மாதர் பிரிவின் வரவு செலவு, எக்செல் கோப்பு. மகனுக்கு விளையாட்டு. அம்மாவுக்குத் தமிழ் தட்டச்சு. அம்மா ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பத்திரிகைகளுக்குக் கவிதையும் சிறுகதையும் அனுப்புகிறவர். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இதில் எது வரும், எது வராது என்று அப்போதே முகத்துக்கு நேராகச் சொன்னார். கள்ளாட்டத் தடுப்பு வைத்திருக்கும் சில இணைய விளையாட்டுகள் லினக்ஸில் ஓடாது என்றதும் மகன் முகம் வாடிப்போயிற்று. அதை மறைக்காமல் சொன்னதற்காகவே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. எல்லாம் ஓடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அடுத்த வாரமே வீட்டில் சண்டை வந்திருக்கும்.

அடுத்து அவர் செய்யச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. விண்டோஸ் இருக்கும்போதே அதில் பயர்பாக்ஸ் உலாவியையும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளையும் போட்டுக்கொடுத்து, "கொஞ்ச நாளு இதுலயே வேலை பாருங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று போய்விட்டார். இரண்டும் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். அதனால் மாறுகிற நாளன்று பழக வேண்டியது பாதியாகக் குறைந்துவிடுகிறது. கோயில் கணக்குக் கோப்பு லிப்ரே ஆபிஸில் திறந்தது, கூட்டல் சூத்திரங்கள் சரியாகவே வந்தன, ஒரு பக்கத்தில் மட்டும் கட்டங்களின் அகலம் மாறியிருந்தது. அதை விண்டோஸில் இருக்கும்போதே சரிசெய்துகொண்டேன்.

அம்மாவின் விஷயம்தான் பெரிது. இதை யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அம்மா பல வருடமாக முரசு அஞ்சலில் எழுதுகிறவர். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய மென்பொருள், மலேசியத் தமிழாசிரியர்களில் பலர் கணினியில் முதல் தமிழ் எழுத்தைப் பார்த்தது அதில்தான். அம்மாவின் பழைய கோப்புகளில் பாதி ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்தியவை. அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத்தான் நிற்கும். "இதை முதல்ல ஒருங்குறிக்கு மாத்துங்க, பழைய கோப்பையும் அழிக்காதீங்க, எழுத்துருவையும் தனியா எடுத்து வைங்க" என்று அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். மாற்றிக் கொடுக்கும் நிரல்கள் இருக்கின்றன, ஆனாலும் ஒவ்வொரு கோப்பையும் ஒருமுறை கண்ணால் படித்துப் பார்க்கத்தான் வேண்டும். அம்மாவும் நானும் இரவில் உட்கார்ந்து அதைச் செய்தோம். பழைய கதைகளை அம்மா மறுபடி படித்ததும் அப்போதுதான்.

தட்டச்சு முறைக்கு வந்தால், அம்மா பயன்படுத்துவது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது, உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். லினக்ஸில் இரண்டு வழியாக இது கிடைக்கும். விசைப்பலகைப் பட்டியலில் நேராகத் தமிழைச் சேர்ப்பது ஒரு வழி. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்து, அதிலிருந்து தமிழ்99ஐத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. தேவை இரண்டாவதுதான். அ, ம, ம, ஆ என்று நான்கு விசையைத் தட்டினால் புள்ளி தானாக விழுந்து "அம்மா" என்று வர வேண்டும், அந்தப் பழக்கத்தில் ஓடுகிற விரல்களுக்குப் புள்ளியைத் தனியாகத் தட்டச் சொன்னால் எரிச்சல்தான் வரும். அண்ணனுக்குத் தமிழ் தட்டச்சு தெரியாது. அவர் அமைப்பைத் திறந்து காட்ட, அம்மா தட்டிப் பார்த்து "இது இல்ல தம்பி" என்று சொல்ல, மறுபடி மாற்ற, கடைசியில் புள்ளி விழுந்த நிமிடத்தில் இருவர் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். தமிழில் எழுதுகிற வீட்டுக்கு உதவப் போகிறவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். கணினியில் எல்லாம் சரியாக ஓடி, தமிழ் மட்டும் வரவில்லை என்றால் எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு அந்தக் கணினியே இல்லாத மாதிரி.

மாற்றிய நாள் சிக்கல் இல்லாமல் போயிற்று. கொம்தார் பக்கம் போய் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றை வாங்கி வந்தோம், நூற்றுச் சொச்சம் வெள்ளி. விண்டோஸ் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை அண்ணன் தொடவே இல்லை, புது எஸ்எஸ்டியில் மட்டும் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றினார். பழையது அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் திரும்பிப் போகலாம் என்ற தைரியம் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. படங்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கை வேறொரு மடிக்கணினியில் செருகித் திறந்து பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார். நகல் எடுத்தோம் என்பது போதாது, திறக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

ஏற்றுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓடவிட்டு, ஒலி, வைபை, அச்சுப்பொறி எல்லாவற்றையும் சோதித்தார். இப்படி ஓட்டிப் பார்க்கும்போது டிஸ்க்கில் ஒன்றும் எழுதப்படாது. அச்சுப்பொறி தானாகவே வந்தது, அதன் ஸ்கேனருக்கு மட்டும் தனி டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) தேவைப்பட்டது. வைபை வராத கணினிகளும் உண்டாம், அப்போது கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு. விண்டோஸில் வேகத் தொடக்கம் என்ற வசதியை நிறுத்தாவிட்டால் பழைய டிஸ்க்கிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்க மட்டும்தான் முடியும், திருத்த முடியாது. இன்னொன்று கடிகாரம். காலை பத்து மணிக்கு மகன் விண்டோஸைத் திறந்தால் அது விடிகாலை இரண்டு மணி என்றது. லினக்ஸ் கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், நமக்கு வித்தியாசம் சரியாக எட்டு மணி நேரம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். விவரம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் இரண்டு நிமிட வேலை, இல்லாவிட்டால் கணினி கெட்டுப்போய்விட்டது என்று வீடே முடிவு கட்டிவிடும்.

அண்ணன் உதவிய முறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மவுஸை அவர் பிடித்தது ரொம்பக் குறைவு. "நீயே அழுத்தும்மா, நான் பக்கத்துலதான இருக்கேன்" என்பார். மொழி, நேர மண்டலம், பயனர் பெயர் எல்லாம் நான்தான் கொடுத்தேன். கடவுச்சொல் போடும்போது எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார், இன்றுவரை அவருக்கு அது தெரியாது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உதவி செய்கிறவர் கையில் சாவியையும் கொடுத்துவிட்டால் கணினி நம்முடையதாக இருக்காது. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டி வந்தபோதுகூட, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டுத்தான் என்னைத் தட்டச் சொன்னார். போகும் முன் கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிப்ட் நிரலில் ஒரு நகல் எடுத்துக் காட்டினார். புதுப்பிப்பு ஏதாவது சரியில்லை என்றால் அதைக்கொண்டு முந்திய நிலைக்குத் திரும்பலாம். கீழ்மூலையில் இருக்கும் கேடயம் போன்ற படம் புதுப்பிப்பு இருந்தால் காட்டும், அதை இப்போது அம்மாவே செய்கிறார்.

பணம் வாங்க மாட்டேன் என்றார். மீ கோரிங் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

வேகத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முன்பைவிட ரொம்ப வேகமாகத் திறக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு எஸ்எஸ்டியுடையது, எல்லாப் பெருமையையும் லினக்ஸுக்கே கொடுக்க முடியாது. எனக்கு முக்கியம் வேறு. நாங்கள் போட்டிருக்கும் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. மகள் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை இந்தப் பெட்டி போதும். மகனுடைய விளையாட்டுக்காகப் பழைய டிஸ்க்கை இன்னும் வைத்திருக்கிறோம், இணைய வங்கி மட்டும் அதில் கூடாது என்று வீட்டில் கட்டளை.

அடுத்து எங்கள் பக்கத்து டியூஷன் நிலையம். அங்கே இருப்பவை நான்கு ஜிபி ராம் மட்டும் உள்ள பழைய பெட்டிகள், அதனால் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எப்சிஇ பதிப்புதான் சரிவரும் என்கிறார் அண்ணன். பென்டிரைவ் தயார். எந்தெந்த பாடத்துக்கு என்னென்ன மென்பொருள் திறக்கிறார்கள் என்று டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று என்னை அனுப்பியிருக்கிறார். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கப் போவது நான், பள்ளி விடுமுறை முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும்.