வெட்டா, கீறலா: எலும்பு படிக்கப் போகிறவர்களுக்கு

முதுகலைத் தொல்லியல் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு செய்முறைத் தேர்வு. மேசையில் பத்து எலும்புத் துண்டுகள், கையில் ஒரு லென்ஸ். ஒவ்வொன்றிலும் இருப்பது கத்தித் தடமா, விலங்கின் பல்லா, வேறெதுவுமா என்று எழுத வேண்டும். நான் நான்கைத் தப்பாக எழுதினேன். நான்கிலும் ஒரே தப்புதான்: மணல் உரசிய கீறலைக் கத்தி வெட்டு என்றிருந்தேன். ஏர்வாடிக் கடற்கரையில் வளர்ந்தவனுக்கு மணலைத் தெரியவில்லை!

பாடத்தில் படித்தது எனக்கு மனப்பாடம். கத்தித் தடத்தின் குறுக்குவெட்டு ஆங்கில ‘வி’ எழுத்துப் போல இருக்கும், பல் தடம் ‘யு’ போல அகன்றிருக்கும். கற்கருவி என்றால் பள்ளத்துக்குள்ளேயே மெல்லிய இணைகோடுகள் ஓடும். எல்லாம் சரி. ஆனால் கூரான மணற்பரலும் ஒரு கல்தானே? எலும்பை யாராவது மிதித்தால் அது கற்கருவி போலவே கோடு போட்டுவிடும். எத்தியோப்பியாவின் டிகிக்காவில் கிடைத்த, 34 லட்சம் ஆண்டு பழைய இரண்டு எலும்புகளில் கற்கருவித் தடம் இருப்பதாக 2010-இல் அறிவித்தார்கள். மிதிபட்டதால் வந்த கீறலாக இருக்கலாம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்தச் சண்டையைத் தேர்வுக்கு முன்பே படித்திருந்தேன். படித்து என்ன பயன்?

விடுமுறையில் கீழக்கரையில் ஒரு கறிக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்கார பாய் முதல் நாளே சொன்னார்: “கத்தி எலும்புல பட்டா கத்திக்குத்தான் நட்டம், தம்பி.” நல்ல கைக்காரர் வெட்டிய எலும்பில் தடம் குறைவாகத்தான் இருக்கும். தடம் இல்லாததால் அந்த ஆட்டை யாரும் அறுக்கவில்லை என்று எழுதிவிட முடியாது.

அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். தோலுரிக்கும்போது கத்தி படுவது குளம்புக்கு மேலே, சதை இல்லாத இடத்தில். சப்பையைப் பிரிக்கும்போது மூட்டின் ஓரத்தில். கறியை வழிக்கும்போது எலும்பின் நடுத்தண்டில், சதை ஒட்டியிருக்கும் இடத்தில். நல்லி எலும்பை உடைப்பது தனிக் கதை. அங்கே கோடு இருக்காது, அடிபட்ட குழிவும் சில்லு பெயர்ந்த விளிம்பும்தான் இருக்கும்.

எலும்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புத்தூள் போட்டு மெல்லக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்தேன். (இதற்குத் தனிப் பானை வாங்குங்கள். நான் அம்மாவின் குழம்புச் சட்டியை எடுத்தேன், இன்னும் பேச்சு வாங்குகிறேன்.) கத்தியே படாத சில எலும்புகளை மட்டும் ஆடுகள் நடக்கும் மணற்பாதையில் ஒரு வாரம் போட்டு வைத்தேன்.

விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தனி ஒரு கோட்டை வைத்து இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை. ஆனால் மணல் கீறல்கள் ஆழமில்லாமல், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கண்ட இடத்தில் கிடந்தன. கத்தித் தடங்கள் இரண்டு மூன்றாக, ஒரே சாய்வில், காரணம் உள்ள இடத்தில் இருந்தன. அதனால் முதலில் எந்த எலும்பு, எந்த இடம், அங்கே கத்திக்கு என்ன வேலை என்று கேளுங்கள். வடிவத்தை அப்புறம் பாருங்கள். எலும்பின் பெயரும் பக்கமும் தெரியாமல் லென்ஸைத் தொடாதீர்கள்.

வைகை கடல் சேரும் பக்கம், 1986 முதல் பல பருவங்கள் அகழாய்வு நடந்த அழகன்குளம் மாதிரி ஊர்களின் எலும்பைப் பார்க்க வாய்த்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டின் உட்புறம் மேற்பரப்பைவிட வெளுத்திருந்தால், அது பெரும்பாலும் தோண்டியவரின் கொத்துக்கரண்டி போட்ட புதுக்கீறல்.

மனித எலும்பில் தடம் தெரிந்தால் கை பரபரக்கும், ‘நரமாமிசம்’ என்று எழுதத் தோன்றும். கென்யாவின் கூபி ஃபோராவில் கிடைத்த 14.5 லட்சம் ஆண்டு பழைய, மனிதனுக்கு நெருங்கிய ஏதோ ஒரு பழைய இனத்தின் முழங்கால் கீழெலும்பு ஒன்று அருங்காட்சியகத்தில் இருந்தது. பிரயானா போபினர் என்ற ஆய்வாளர் விலங்குப் பல் தடம் தேடி அதை எடுத்துப் பார்த்திருக்கிறார். 2023-இல் வெளியிட்ட முடிவில் 11 தடங்களில் 9 கற்கருவியால் ஆனவை, 2 பல் தடங்கள். கெண்டைக்கால் சதை ஒட்டும் இடம் என்பதால் சதையை அறுத்ததற்கு நல்ல சான்று. ஆனாலும் வெட்டியதும் வெட்டப்பட்டதும் ஒரே இனமா என்று தெரியாததால், தன் இனத்தையே தின்றது என்று அவர் முடிவு கட்டவில்லை.

மறுதேர்வில் ஒரு துண்டுக்கு ‘சொல்ல முடியாது’ என்று எழுதி, ஏன் என்று மூன்று வரி சேர்த்தேன். அதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.