ஜோகன்னஸ்பர்க் குளிருக்கு ஒரு விறகுக் கணப்பு

'ஆப்பிரிக்காவில் என்ன பெரிய குளிர்' என்று நினைத்துச் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க்கின் முதல் ஜூன் மாதம் பாடம் எடுத்துவிடும். ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் உயரத்தில். பகலில் இதமான வெயில், விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. பெரும்பாலான வீடுகளில் ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடிதான். வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு எதுவும் இருக்காது. மின்வெட்டு நேரத்தில் மின் ஹீட்டர் வெறும் அலங்காரம். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு விறகுக் கணப்பின் பக்கம் பலர் திரும்புவது இதனால்தான்.

கடையில் எல்லோரும் கணப்பின் அழகைத்தான் பார்க்கிறார்கள். கேட்க வேண்டியது புகைக்குழாயைப் பற்றி. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் குழாயின் இழுப்பும் குறையும். கணப்பின் தலையிலிருந்து குழாயின் உச்சி வரை 4.5 மீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. இங்கே 5 மீட்டருக்குக் குறையாமல் போடுவது நல்லது. தரைத்தள வீடுகளில் கூரை முகட்டைத் தாண்டி இன்னொரு துண்டு ஏற்ற வேண்டியிருக்கும். அந்தத் துண்டின் விலையை மிச்சம் பிடித்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை முகத்தில் அடிக்கும்.

குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது மேல் துண்டின் ஒடுங்கிய முனை கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் உள்ளே வழியும் தார்ப்பிசுக்கு இணைப்பு வழியாக வெளியே கசிந்து நாறும். சீலிங்குக்குள் நுழையும் இடத்திலிருந்து மேலே முழுவதும் இரட்டைச் சுவர்க் குழாய்தான். மரச்சட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது குழாயோடு வரும் தாளில் இருக்கும். பெரும்பாலும் 50 மி.மீ. சீலிங்கின் மேல் பாலியெஸ்டர் பஞ்சு விரித்திருந்தால் அதைக் குழாயைச் சுற்றி வெட்டி எடுத்துவிட வேண்டும், சூட்டில் உருகும். மெல்வில், கென்சிங்டன் பக்கத்துப் பழைய வீடுகளில் பலகைத் தரை. அங்கே கணப்புக்கு அடியில் கல் அல்லது இரும்புத் தகடு, முன்பக்கம் 300 மி.மீ. நீட்டி. தகரக் கூரையில் குழாயைச் சுற்றிப் போடும் ரப்பர் பட்டை அதிகச் சூடு தாங்கும் சிலிக்கானாக இருக்கட்டும். சாதாரணக் கறுப்பு ரப்பர் வெடித்துவிடும். அது அக்டோபரில் இடிமழை தொடங்கும்போதுதான் தெரியவரும்.

முதல் இரண்டு மூன்று தடவை சின்னத் தீ மட்டும். சூடேறும்போது பெயின்ட் புகையும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுத்தது விறகு. 20 சதவீதத்துக்குள் ஈரம் உள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் தரும். நல்ல கணப்பு அதில் 70 சதவீதத்தை அறைக்குள் விடும். ஆக, 5 கிலோவாட் கணப்புக்கு மணிக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மாலையில் ஐந்து மணி நேரம், மூன்று மாதம் என்றால் ஏறக்குறைய 800 கிலோ. பெட்ரோல் பங்கில் விற்கும் பிராய் (இங்கே தணலில் இறைச்சி வாட்டுவதற்குப் பெயர்) விறகு மூட்டை இதற்குக் கட்டுப்படியாகாது. பாக்கி (சின்ன பிக்-அப் வண்டி) லோடாக வாங்கி, மழைக்கு மேல்மூடியும் பக்கங்கள் திறந்தும் அடுக்க வேண்டும். நீலகிரிக்காரர்களுக்குப் பழக்கமான சீகையும் கற்பூர மரமும்தான் இங்கே வாட்டில், புளூ கம். சீகை சீக்கிரம் காயும். கற்பூர மரத்தைப் பிளந்து ஒரு வருஷமாவது காயவிடாமல் தொடாதீர்கள். செக்கல்போஸ் என்பது நம்மூர் விடத்தலை. தணல் நெடுநேரம் நிற்கும். கேமல் தார்ன் இன்னும் உசத்தி. ஆனால் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம், உரிமம் உள்ளவரிடம் மட்டும் வாங்கவும். பச்சை சாயல் அடிக்கும் வேலிக் கம்பு எவ்வளவு காய்ந்திருந்தாலும் வேண்டவே வேண்டாம்: ஆர்சனிக் ஏற்றிய மரம் அது, புகையும் விஷம், சாம்பலும் விஷம்.

பற்றவைப்பதில் நம் விறகடுப்புப் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். தடித்த கட்டை இரண்டு அடியில், அதன்மேல் சுள்ளி, உச்சியில் தீ. காற்றுத் திறப்புகள் எல்லாம் முழுக்கத் திறந்திருக்கட்டும். கட்டைகள் நன்றாகப் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ராத்திரி முழுக்க எரியட்டும் என்று விறகை நிரப்பிக் காற்றை அடைத்துத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. கண்ணாடி கறுப்பதும், குழாயில் தார் படிவதும், ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிப்பதும் அதனால்தான். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய கணப்பு வாங்கினாலும் இதே கதி, எப்போதும் அடக்கியே எரிக்க வேண்டிவரும்.

சாம்பலை முழுக்க வழிக்க வேண்டாம், இரண்டு விரற்கடை இருந்தால் அடுத்த தீ சுலபமாகப் பிடிக்கும். எடுப்பதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். மறுநாளும் உள்ளே கங்கு இருக்கும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று அறையில் அவசியம். ஏப்ரலிலேயே குழாயைத் துடைக்க ஆள் சொல்லிவிடுங்கள், மே கடைசியில் யாரும் கிடைக்க மாட்டார்கள். அதோடு கணப்பின் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.