கருப்பை இறக்க ஒப்பரேசனுக்குப் பிறகு வந்த நோ

கருப்பை இறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்தால் அடியிலுள்ள பாரம் போய்விடும் என்றார்கள். போய்விட்டது. வயலிலும் கிணற்றடியிலும் வருசக்கணக்காக அந்தப் பாரத்தோடு திரிந்த எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், கதிரையில் இருந்தாலே வலது பிட்டத்துக்குள் கொள்ளிக்கட்டையால் சுடுவதுபோல எரியத் தொடங்கியது. இருக்க இருக்க முன்பக்கம் வரை போகும். எழும்பி நின்றால் குறையும், படுத்தால் நித்திரை வரும். விசுவமடுவிலிருந்து பரந்தனுக்கு பஸ்ஸில் சீற் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் போவேன்.

கிளினிக்கில் தையல் காய்ந்துவிட்டது, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை எங்கே நோகிறது, எப்போது கூடுகிறது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். கொமட்டில் இருக்கும்போது மட்டும் நோ குறைவு என்பதை எழுதக் கூச்சமாக இருந்தது. மகள்தான் "அதையும் எழுதுங்கோ அம்மா" என்றாள். டொக்டர் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப விசாரித்தார்.

இறங்கிய கருப்பையைத் தூக்கி, இடுப்புக்குள் இருக்கும் உறுதியான ஒரு நாரோடு தைத்திருக்கிறார்கள். அந்த நாருக்குப் பின்னால்தான் புடென்டல் நரம்பு, அதாவது பிறப்புறுப்புக்கும் அடிப்பகுதிக்கும் உணர்வு தரும் நரம்பு, போகிறது. அந்த நரம்புதான் எனக்கு நோகிறதாம். கொமட்டில் நடு வெறுமையாக இருப்பதால் அது அமத்துப்படாதாம். தைத்த பக்கம் பிட்டம் நோவது பலருக்கு உண்டாம், பெரும்பாலும் சில கிழமைகளில் தானாக மாறிவிடும். ஆனால் ஒப்பரேசன் முடிந்த கையோடு கடுமையான நோ காலுக்கு இறங்கினால் பொறுத்திருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். அந்தத் தையலை வேளைக்கே எடுக்க வேண்டி வரலாம்.

எனக்கு இரவில் போட அமிட்ரிப்டிலின் தந்தார்கள். "அது மனவருத்தத்துக்குக் குடுக்கிற குளிசையெல்லே?" என்று பக்கத்து வீட்டு அக்கா பயந்தா. குறைந்த அளவில் நரம்பு நோவுக்கும் கொடுப்பார்கள். வாய் காயும், விடிய எழும்ப மந்தமாக இருக்கும், ஆனால் எரிவு மெல்லத் தணிந்தது.

பிசியோதெரபியில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்கள். ஒப்பரேசனுக்கு முன் பழக்கிய, அடித்தசையை இறுக்கும் பயிற்சியை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார்கள். நோவுக்குப் பயந்து தசை ஏற்கனவே இறுகிப்போய் இருக்கிறதாம். முழங்காலை மடித்துப் படுத்து, வயிறு உப்ப மூச்சை எடுத்து, அடிப்பகுதியைத் தளரவிடப் பழக்கினார்கள். மகள் தடித்த ஸ்பொஞ்சில் நடுவை வெட்டி எடுத்து ஒரு மெத்தை செய்து தந்தாள். எனக்குக் குளிசையை விட அதுதான் பெரிய உதவி.

இப்போது பஸ்ஸில் சீற்றில் இருந்துகொண்டே போகிறேன். திருவலையில் இருந்து தேங்காய் துருவ மட்டும் இன்னும் ஏலாது. இதற்கு மேலும் குறையாவிட்டால் நரம்படியில் மரக்கும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.