பைன் பலகையில் ஒரு ஜோடி காங்கேயம்

அக்கா மகள், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சாந்தா ஃபே நகரின் ஓர் அருங்காட்சியகக் கடையில் வாங்கிவந்த ரெத்தாப்லோ உள்ளங்கை அகலம்தான். காந்த வில்லைகளும் அங்கே இருந்தனவாம்; நல்லவேளை, இதை எடுத்தாள். ஸ்பானியர் ஆட்சியில் நியூ மெக்சிகோ கைவினைஞர்கள் பைன் பலகையில் புனிதர்களை வரைந்த முறை இது. இதில் இருப்பவர் உழவர்களின் காவலர் இசிதோர். அவர் செபத்தில் நிற்க, தேவதூதர் ஏர் ஓட்டுகிறார். இசிதோர் பலகை உயரம். தேவதூதரும் மாடுகளும் அவர் முழங்கால் அளவு. அந்த அளவுக் கணக்கை விட்டுவிடாமல், மாடுகளை மட்டும் காங்கேயம் ஆக்கி, நானே ஒன்று வரைய இறங்கினேன்.

பலகைக்கு அலையவில்லை. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் மரம் கோவைப் பழைய மரக்கடைகளில் கிடைக்கிறது. முடிச்சில்லாத துண்டாகப் பார்க்க வேண்டும்; முடிச்சில் கசியும் பிசின் வண்ணத்தை மஞ்சளாக்கிவிடும்.

மெனக்கெட வைத்தது வெள்ளைப் பூச்சு. அங்கே ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்து விலங்குப் பசையில் குழைப்பார்கள். நான் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ரப் பசையை இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைத்துக் கரைத்தேன். நேரே கொதிக்கவிட்டால் ஒட்டும் வலு போய்விடும். நாற்றம் தாங்காமல் அம்மா என்னை வாசலுக்கு விரட்டினார், நியாயம்தான். வடிகட்டிய வஜ்ரத்தில் சாக் பவுடர் கலந்து, நெடுக்காக ஒரு பூச்சு, காய்ந்ததும் குறுக்காக ஒரு பூச்சு என்று மெல்லியதாகவே ஏற்ற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பட்டால் மேல்பரப்பு முந்திக் காய்ந்து வெடிக்கும் என்பதால் ஜன்னலைச் சாத்தினேன். கடைசியில் உப்புத்தாள் தேய்த்ததும் முட்டை ஓடுபோல வழவழப்பு.

காவி, அவுரி, விளக்குக்கரி மூன்றையும் கருவேலம் பிசினில் குழைத்துக்கொண்டேன். திமிலும் கழுத்தும் கறுத்திருப்பதுதான் காங்கேயத்தின் அழகு. ஆனால் அது பொலிகாளையின் நிறம். காயடித்த உழவு எருது வெளிறிய சாம்பல். பூட்டியிருப்பது ஏர் அல்லவா, சாம்பலையே தீட்டினேன். பின்னோக்கி வளைந்து நுனிகள் நெருங்கிவரும் கொம்புக்கு மட்டும் ஒரு மாலை முழுக்கப் போனது. பின்னால் கொங்கு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் கிளுவை வேலியும் ஒரு வெள்வேல மரமும்.

மேல்மெருகுக்கு அவர்கள் பினியோன் பைன் பிசினைச் சாராயத்தில் கரைப்பார்கள். நான் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துண்டுப் பலகையில் பூசிப் பார்த்தேன். காவி துலங்கியது, சாம்பல் மட்டும் மஞ்சளித்தது. எருதுகளின் நிறம் மாறாமலிருக்க வெளுத்த அரக்கு வேண்டும். அதைத்தான் கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.