முதல் பத்தியில் ஒரு சர்ச்

ஒரு சாதி வன்கொடுமையைப் பற்றி எங்கள் மனித உரிமை அமைப்பு தயாரித்த நாற்பது பக்க அறிக்கை அச்சகத்துக்குப் போகவேண்டிய அன்று காலையில் வக்கீல் போன் செய்து முதல் பத்தியை நிறுத்தச் சொன்னார். ‘ஞாயிறு காலை சர்ச் முடிந்து வந்துகொண்டிருந்தவரை டீக்கடை முன்னால் மறித்து’ என்று தொடங்கும் பத்தி அது. காட்சி நன்றாகத்தான் விழுந்திருந்தது. வினையும் அங்கேதான்.

மனித உரிமை அமைப்புகளில் ‘டாகுமென்டேஷன்’ பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்பதுதான் அஸ்திவாரம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே பட்டியல் சாதி நிலை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கையில் ‘இந்து’ என்று சான்றிதழ் இருந்தாலும் போதாது என்கிற நிலையும் வந்துவிட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர் இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த வன்கொடுமை வழக்கையே இதே காரணத்துக்காக ரத்து செய்தது. அந்த நியாயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மதம் மாறினால் டீக்கடைக்காரர் டம்ளரை மாற்றித் தரப்போவதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல், பாதிக்கப்பட்டவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதற்குச் சான்றாக, ரத்து மனுவோடு நம் அறிக்கையையே இணைத்துவிடுவார்.

பொய் எழுதச் சொல்லவில்லை. களத்துக்குப் போனவுடன் முதல் வேலையாகச் சாதிச் சான்றிதழைப் போட்டோ எடுங்கள். இ-சேவையில் வாங்கியதும் வேண்டும், வீட்டில் லேமினேட் செய்து வைத்திருக்கும் பழையதும் வேண்டும். இரண்டிலும் சாதி, மதம் என்ன இருக்கிறதென்று பார்த்து, எழுத உட்காரும் முன் வக்கீலிடம் பேசிவிடுங்கள். நாங்கள் அறிக்கை முடிந்தபிறகு பேசினோம். மூன்று வாரம் போயிற்று.

அடுத்த அடி எஃப்.ஐ.ஆரில் விழுந்தது. அதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தது மனு ரசீதுதான், சி.எஸ்.ஆர். “விசாரிச்சுட்டுப் போடுறோம்” என்றார்கள். 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணையே தேவையில்லை. அதை ஒரு தாளில் எழுதி மனுவோடு கொடுப்பது வாயால் வாதாடுவதைவிட நல்லது. நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தரவேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் பிரிவு 173(2)). அமைப்பின் லெட்டர்பேடோடு நாம் போய்க் கேட்டால் அலைய வேண்டியதுதான். முதல் நாள் அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்; இரண்டாம் நாள் ரைட்டர் லீவு. புகார்தாரரே போனதும் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

நகல் கைக்கு வந்ததும் கதையைப் படிக்காதீர்கள், கட்டங்களைப் படியுங்கள். 2ஆம் கட்டத்தில் சட்டப்பிரிவு. எங்களுக்கு வந்ததில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351(2) மட்டும் இருந்தன: கெட்ட வார்த்தை, அடி, மிரட்டல். சாதிப் பெயர் சொல்லித் திட்டியது புகாரில் தெளிவாக இருந்தும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கான 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இல்லை, அடி, மிரட்டலை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரும் 3(2)(விஏ) இல்லை. அவை இல்லையென்றால் டி.எஸ்.பி. விசாரணை இல்லை, நிவாரணமும் இல்லை. 3ஆம் கட்டத்தில் தகவல் கிடைத்த தேதிக்கும் எங்களிடமிருந்த மனு ரசீதின் தேதிக்கும் எட்டு நாள் இடைவெளி. தாமதத்துக்குக் காரணம் கேட்கும் 8ஆம் கட்டத்தில் ‘தாமதமில்லை’ என்று அழகான கையெழுத்தில். மொத்த அறிக்கையில் எஸ்.பி. அலுவலகத்தை அசைத்தது இந்த இரண்டு தாள்களை எதிரெதிராக வைத்து அச்சடித்த அந்த ஒரு பக்கம்தான். விடுபட்ட பிரிவுகளைச் சேர்க்கும் பிரிவு மாற்ற அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது.

வாக்குமூலம் எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்ததா என்பதில்தான் 3(1)(ஆர்) நிற்கும் அல்லது விழும். நான்கு சுவருக்குள் நடந்த வசவு இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ‘வீட்டில் வந்து திட்டினார்கள்’ என்று எழுதினால் போச்சு. வாசலா, திண்ணையா, தெருவிலிருந்து தெரியுமா, சொந்தக்காரர் அல்லாத யார் நின்றார்கள் என்று கேளுங்கள். டீக்கடையென்றால் பெஞ்சில் யார், அடுப்பில் யார். தூரத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். டேப் வைத்து அளந்து, மீட்டரில் எழுதுங்கள்.

தகவல் உரிமை மனுவில் தோற்றது முழுக்க எங்கள் தப்பு. ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘நிவாரணம் ஏன் தாமதம்?’ என்று கேட்டிருந்தோம். ‘ஏன்’ என்பது தகவல் அல்ல என்று பதில் வந்தது. அடுத்த மனுவில் அனுமதி ஆணையின் நகல், கோப்புக் குறிப்புப் பக்கங்கள், நிதி ஒதுக்கீடு கேட்டு அனுப்பிய கடிதம் என்று தாள் தாளாகக் கேட்டோம். அது மூன்றாம் நபர் விவரம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைக் காட்டித் திருப்பிவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் பெயரிலேயே போட்ட மூன்றாவது மனுவுக்கு இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஆக, முதலிலிருந்தே அவர் கையெழுத்தில் போடுங்கள். முப்பது நாள் தாண்டினால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தத் தேதியை நாள்காட்டியில் குறிக்க மறந்து பாழான மனுக்கள் எல்லா அமைப்பிலும் கிடக்கின்றன.

மனித உரிமை ஆணையங்களுக்கு அறிக்கையை அனுப்புகிறவர்கள் ஒரே நாளில் டெல்லிக்கும் சென்னைக்கும் நகல் போடுவது வழக்கம். செய்யாதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது, மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36(1) பிரிவு. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தாலும் எடுக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பு, தட்டச்சு, படங்களுக்கு ஒப்புதல் வாங்குவதெல்லாம் வழக்கம்போல் நடந்தன. பெயர்களை மாற்றியபின் பின்னிணைப்பு ஸ்கேன்களில் கறுப்பு மை பூச மறக்காதீர்கள். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் போட்டால் மட்டும் போதாது, அடியிலிருக்கும் எழுத்தைக் காப்பி செய்ய முடிகிறது. தாளிலேயே பூசி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

நிவாரணம் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளுக்கு ஒரு லட்சம்: வழக்குப் பதிந்ததும் 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்ததும் மிச்சம். விதி 12(4) முதல் தவணைக்கு ஏழு நாள் என்கிறது. 25,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது நூற்றுப் பதினான்காம் நாள். அந்தத் தேதி, பாஸ்புக் பக்கத்தின் நகலோடு, இரண்டாம் பதிப்பில் சேர்ந்திருக்கிறது. முதல் பத்தி இப்போது டீக்கடை பெஞ்சில் தொடங்குகிறது.