கோடிங் உதவியாளருக்கு ஒரு தேடல் சர்வர்: பெங்களூரு அலுவலகத்தில் அமைத்த அனுபவம்

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பராமரிப்புக் கட்டண பில் போடும் மென்பொருள் எங்களுடையது. பெங்களூருவில் இப்படி ஒன்று செய்தால் கன்னடம், தமிழ், இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழியிலும் செய்தி போயாக வேண்டும். கோடு ஒரு ரெப்போவில், மொழிச் செய்திகள் இன்னொன்றில், பில்டில் உருவாகும் ஃபைல்களோ கிட்டில் சேர்க்காமல் விடும் கிட் இக்னோர் பட்டியலில். ஏஐ கோடிங் உதவியாளர்களிடம் தேடும் வசதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த மூன்று இடத்தையும் ஒரே கேள்வியில் தேடி, அதுவும் எழுத்து மாறாமல் தேடித் தர எங்களுக்குத் தனியாக ஒன்று தேவைப்பட்டது. அதனால் சொந்தமாக ஒரு எம்சிபி சர்வர் எழுதினோம்.

எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்பது, இத்தகைய உதவியாளர்கள் வெளிக் கருவிகளோடு பேசுவதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை. கர்சர், விஎஸ் கோடு, கிளாடு கோடு என்று கோடு எழுத உதவும் கருவிகள் எல்லாமே அதைப் பேசுகின்றன. குழுவில் ஆளுக்கொரு எடிட்டர் வைத்திருந்தாலும் சர்வர் ஒன்றே போதும். உள்ளே தேடும் வேலையை, ஃபைல்களுக்குள் சொல் தேடும் கட்டளையான ரிப்கிரெப்பிடம் விட்டுவிட்டோம்.

எழுதியது சின்ன பைதான் ஃபைல்தான். எடிட்டர் அதைத் தன் கீழே ஒரு புராசஸாக ஓட்டும். ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாகக் கேள்வி வரும், ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாகப் பதில் போகும். அந்த அவுட்புட்டில் ஜேசான் செய்தியைத் தவிர ஒரு எழுத்துகூடப் போகக் கூடாது. சோதனைக்காக ஒரு பிரின்ட் வரி போட்டாலும் இணைப்பு குழம்பிவிடும். லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்குத்தான். ரிப்கிரெப்பின் முழுப் பாதையையும் அமைப்பில் கொடுத்துவிடுவது நல்லது. டெர்மினலில் கிடைக்கும் கட்டளை எடிட்டர் வழியாக ஓடும்போது கிடைக்காமல் போகலாம்.

முதல் தேடலே பதில் வராமல் அப்படியே நின்றது. காரணம் தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று சொல்லாமல், இன்புட்டையும் பைப்பாகக் கொடுத்தால், ரிப்கிரெப் ஃபைல்களை விட்டுவிட்டு அந்த இன்புட்டையே தேட ஆரம்பிக்கும். சர்வருக்கு எடிட்டரிலிருந்து கேள்விகள் வரும் அதே குழாய்தான் அதற்கும் போயிருந்தது. அடுத்து வர வேண்டிய கேள்விகளை அதுவே படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஃபோல்டர் பாதையை வெளிப்படையாகக் கொடுத்து, இன்புட்டையும் மூடியதும் சரியாயிற்று.

பாதுகாப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தேட வேண்டிய சொல்லை உதவியாளர்தான் எழுதித் தருகிறது. அந்தச் சொல் கழித்தல் குறியோடு தொடங்கினால் ரிப்கிரெப் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபைலுக்கும் வேறொரு புரோகிராமை ஓட்டச் சொல்லும் ஆப்ஷன்கூட அதில் உண்டு. ஆகவே சொல்லுக்கு முன்னால் இரட்டைக் கழித்தல் குறி போட்டு ஆப்ஷன்களை முடித்துவிட வேண்டும், கட்டளையை ஷெல் வழியாக ஓட்டவே கூடாது.

நான் அதிக அக்கறை எடுத்துக்கொண்டது, 'கிடைக்கவில்லை' என்ற பதிலில். ரிப்கிரெப் கண்டுபிடித்தால் 0, எதுவும் இல்லையென்றால் 1, பிழையென்றால் 2 என்ற எண்ணைத் தந்து முடியும். 1, 2 இரண்டையும் ஒன்றாகப் பாவித்து வெற்றுப் பதில் அனுப்பினால், உதவியாளர் அந்தச் செய்தியே இல்லை என்று நம்பிப் புதிதாக ஒன்றை எழுதிவிடும். பிழை நேர்ந்தால் எம்சிபி பதிலிலேயே பிழை என்று குறிக்க இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினோம். ஒன்றும் கிடைக்காதபோது எந்தெந்த ஃபோல்டரில் தேடினோம் என்பதையும் சேர்த்து அனுப்பினோம். முடிவுகள் அதிகமாக வந்தால் வெட்டிவிட்டு, இன்னும் இருக்கிறது என்று சொல்லச் செய்தோம்.

இவ்வளவு செய்த பிறகுதான் தமிழ் வந்து நின்றது. ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் தம்பி ஒருவர் குழுவில் இருக்கிறார். "அண்ணா, 'நிலுவைத் தொகை'ன்னு தேடினா இல்லைங்குது. ஃபைலைத் திறந்தா கண்ணு முன்னாடி இருக்கு" என்றார்.

"ஃபைல்ல இருக்கறதையே காப்பி பண்ணித் தேடிப் பாருப்பா."

வந்தது. கையால் தட்டினால் வரவில்லை.

யூனிகோடில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். த என்ற எழுத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் போடலாம். திரையில் துளிகூட வித்தியாசம் தெரியாது. ஆனால் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'தொகை' முதல் விதத்தில் 12 பைட், இரண்டாவதில் 15 பைட். ரிப்கிரெப் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பு ஃபைல்கள் சில பிரிந்த வடிவில் வந்திருந்தன.

தமிழில் இப்படிப் பிரிவது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும் ஔ என்ற உயிரெழுத்தும் மட்டுமே. தேடும் சொல்லில் இவை வரும் இடத்திலெல்லாம் 'இது அல்லது அது' என்று ரெகெக்ஸாக, அதாவது பல வடிவங்களையும் பொருத்தும் தேடல் கோவையாக, விரித்து அனுப்பும்படி சர்வரை மாற்றினோம். ஃபைல்களைத் தொடவில்லை. ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ள என்ற எழுத்தையே தட்டுகிறவர்களும் உண்டு. அது யூனிகோடு விதிக்குள் வராது என்பதால் அதையும் தனியாகச் சேர்த்தோம். பைதானில் ஜேசான் எழுதும்போது தமிழ் எழுத்துகள் இயல்பாகவே எண் குறியீடுகளாக மாறிவிடும். பில்டில் உருவாகும் ஃபைல்கள் அப்படித்தான் இருந்தன. அந்த வடிவத்தையும் தேடலில் சேர்த்த பிறகே 'இல்லை' என்ற பதிலை நம்பத் தொடங்கினேன்.

இப்போது கன்னடச் செய்திகளுக்கு இதே வேலை நடக்கிறது. அங்கே ஓகாரக் குறி மூன்று துண்டாகப் பிரியும். கன்னடம் தெரிந்த சகஊழியர் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். சர்வரில் அவருக்கென்று ஒரு ஃபங்ஷனை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.